போர்டு இறங்கியது, வகுப்பு நடக்கிறது

தாராவி,
ஞாயிறு காலை.

அன்புள்ள மாரிசெல்வம் அண்ணனுக்கு, தங்கை கலைச்செல்வி எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் சுகம். ஷார்ஜாவில் வெயில் அதிகம் என்று அம்மா கவலைப்படுகிறாள். தண்ணீர் நிறையக் குடி.

வியாழக்கிழமை போனில் வகுப்பை மூடு என்று நீ அரை மணி நேரம் பேசினாய். நான் "ம்" என்று மட்டும் சொன்னேன். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டிருப்பாய். நீ சத்தம் போட்டால் எனக்கு வார்த்தை வராது, அதனால்தான் கடிதம். தியான வகுப்பை மூட மாட்டேன்.

நடந்தது உனக்குப் பாதிதான் வந்து சேர்ந்திருக்கிறது. மாட்டுங்காவில் எட்டு மாதம், ஞாயிறுதோறும் தியான ஆசிரியர் பயிற்சிக்குப் போனேன். நடுவில் பத்து நாள் மௌனமாக இருக்க வேண்டும் என்றதும் அம்மா, "இவ வீட்ல இருந்தா மட்டும் என்னத்தப் பேசிக் கிழிக்கா? வாயத் தொறக்கச் சொல்லிக்குடுக்க எடம் இருந்தாச் சொல்லு, நானே கொண்டுவிடுதேன்" என்றாள். பத்து நாளும் இருந்தேன். பிறகு ஆசிரியை பின்வரிசையில் உட்கார்ந்து பார்க்க, இருபது வகுப்புகள் நானே நடத்தினேன். முதல் வகுப்பில் என் குரல் முன்வரிசைக்கே எட்டவில்லை. கடைசியில் அவருக்கும் எட்டியது.

சட்டம் பற்றிச் சொல்ல ஒரு வக்கீல் அம்மா பயிற்சிக்கு வந்தார். தியானம் சொல்லிக்கொடுக்க நம் நாட்டில் லைசென்ஸ் என்று எதையும் சட்டம் கேட்கவில்லை என்றார். ஆனால் டாக்டர் என்று போட்டுக்கொள்ளக் கூடாது, நோய் தீரும் என்று வாக்குக் கொடுக்கக் கூடாது, யாருடைய மாத்திரையையும் நிறுத்தச் சொல்லக் கூடாது. நீ சொல்லி மிரட்டிய கோர்ட்டு, கேஸ் எல்லாம் அங்கேதான் ஆரம்பிக்கும். அத்தனையும் நோட்டில் அடிக்கோடிட்டு எழுதியவள் நான்.

சான்றிதழ் வந்த மறுநாள் அப்பா குர்லா பட்டறையிலிருந்து ஒரு போர்டோடு வந்தார். 'டாக்டர் கலைச்செல்வி பி.ஏ. பிரஷர், சர்க்கரை, மனக்கஷ்டம் தீரும்.' பெயிண்டர் உதுமான் பாயிடம் சொல்லி எழுதியது. நான் தயங்கியதும், "பட்டம் வாங்குன புள்ளைய வேற எப்படி எழுதுவாவ? நம்ம வீட்ல மொதப் பட்டம்லா" என்றார். வாசலில் ஏணி போட்டு அவரே மாட்டினார். கீழே இறங்கி அண்ணாந்து பார்த்தபடி நின்றவரிடம் என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. ஒன்பது நாள் சொல்லவில்லை. குற்றம் அதுதான், அது என்னுடையது.

அந்த ஒன்பது நாளில், வகுப்புக்கு வந்துகொண்டிருந்த மூன்றாவது வீட்டு முத்துமாரி அக்கா பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டாள். குழாயடியில் மயங்கி விழுந்தவளை டாக்சியில் கொண்டுபோய்ச் சேர்த்தேன். "போர்டுல தீரும்னு போட்டிருக்கு, பொறவு ரெண்டு வைத்தியம் எதுக்குன்னு விட்டுட்டேன்" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு என்னிடமே சொன்னாள். இப்போது தேறிவிட்டாள். மாத்திரை போடுகிறாள்.

திரும்பி வந்ததும் போர்டை நானே கழற்றினேன். அப்பா பார்த்துக்கொண்டே நின்றார். தெருவும் பார்த்தது. முத்துமாரி அக்காவின் புருஷன் கத்திக்கொண்டிருந்தார். நான் டாக்டர் இல்லை, எதையும் குணமாக்க மாட்டேன், மாத்திரையை நிறுத்துகிறவர்கள் வகுப்புக்கு வரக் கூடாது என்று அவருக்கும் தெருவுக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். மறுநாள் அதையே தமிழிலும் இந்தியிலும் எழுதி, வருகிறவர்களிடம் கையெழுத்து வாங்கினேன். வகுப்பு நடத்துகிற குடியிருப்புப் பொது ஹாலுக்கு சொசைட்டி ஆபீசில் எழுத்தில் அனுமதி வாங்கினேன். பதினாறு பேர் வந்த இடத்தில் இப்போது ஐந்து பேர். அதில் முத்துமாரி அக்காவும் உண்டு. ஒருவர் வந்தாலும் நடத்துவேன்.

கல்யாணம் ஆகிற வரைக்கும் சும்மா இரு என்றாய். சும்மா இருந்ததால்தான் அந்தப் போர்டு ஒன்பது நாள் தொங்கியது.

உன்னிடம் அனுமதி கேட்டு இதை எழுதவில்லை. வேறொன்று கேட்கிறேன். அன்றிலிருந்து அப்பா என் முகம் பார்த்துப் பேசுவதில்லை. சோறு போட்டால் சாப்பிடுகிறார், பட்டறைக்குப் போகிறார். முத்துமாரி அக்கா வீட்டைக் கடக்கும்போது மட்டும் தலையைக் குனிந்துகொள்கிறார். அவர் ஆசையில் செய்தது அது என்று நான் சொன்னால் ஆறுதலுக்குச் சொல்வதாக நினைப்பார். நீ சொன்னால் நம்புவார். என்னைத் திட்ட வேண்டியதை அப்புறம் வைத்துக்கொள், அண்ணா. இந்த வாரம் போனை அவரிடம் கொடுக்கச் சொல்.

நீ எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும்.

உன் தங்கை,
கலைச்செல்வி