பானெட்டில் வந்த ஆந்தை

மாப்ள,

இன்று காலை சொந்தத் தோட்டம் வைத்திருக்கிற அந்தத் தோட்டக்காரரின் ஜீப் மறுபடியும் என் பட்டறைக்கு வந்தது. பானெட்டில் தண்ணீர் விட்டு உப்புத்தாளால் தேய்த்தேன். மேலே பூசியிருந்த ஒற்றைப் பச்சை போனதும், அடியிலிருந்து உன் ஆந்தை எட்டிப் பார்த்தது. இரண்டு கண், நடுவில் மூக்கு. நீ போய் நாலு வருடமாகியும் அது போகவில்லை. கையிலிருந்த தாளை வீசிவிட்டு உன்னைத் திட்டினேன். செத்தபிறகு உன்னை யாரும் திட்டுவதில்லை. நல்லவன், நல்லவன் என்கிறார்கள். அந்தக் குறையை நான் தீர்க்கிறேன்.

நீ ஆரப்பாளையத்தில் கம்ப்யூட்டர் வைத்து, உங்கள் சௌராஷ்டிரத் தறிக்காரர்களுக்குச் சேலைக் கரை டிசைன் போட்டுக்கொண்டிருந்தாய். நான் கப்பலூரில் லாரிகளுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தேன். ஜீப்பைப் போட்டோ பிடித்து, காட்டோடு காடாக மறைகிற திட்டுகளைத் திரையிலேயே பூசிக் காட்டலாம் என்பது உன் யோசனை. தோட்டக்காரர் மலைப்பாதையில் ஜீப் ஓட்டுகிற போட்டிக்குப் போகவிருந்தார். கருவேலம் பச்சை, செம்மண், பாறைக் கறுப்பு என்று உன் திரையில் தன் வண்டியைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். “அப்படியே ஓட்டிட்டுப் போகச் சொல்லு மாப்ள, எனக்கு வேலை மிச்சம்” என்றேன். நீயும் சிரித்தாய்.

இடப்பக்கத்துக்கு ஒரு படம், வலப்பக்கத்துக்கு ஒரு படம் கொடுத்தாய். இடதை வரைந்து, அதையே கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திருப்பி வலது என்று அச்செடுத்திருக்கிறாய். சேலைக்கு அது சரி. இரண்டு கரையும் ஒன்றுபோல இருக்க வேண்டும். காடு அப்படியா முளைக்கிறது? பானெட்டின் நடுவில் இரண்டு பாதியும் சேரும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. வேலையை நிறுத்திவிட்டு உனக்கு போன் போட்டேன். “மூஞ்சி மாதிரி வருதே மாப்ள” என்றேன்.

“படத்தைப் பார்த்து அடி. கம்ப்யூட்டரை விடவா உனக்குத் தெரியும்?”

ஆறாம் வகுப்போடு நின்றவன் வேறு என்ன செய்வான்? அடித்தேன்.

போட்டியில் அந்த வண்டிக்கு ஆந்தை வண்டி என்று பெயர் வைத்துவிட்டார்கள். தோட்டக்காரர் நேராகப் பட்டறைக்கு வந்தார். பத்துப் பேர் நின்றார்கள். “படிக்காத பயகிட்ட கொடுத்தா இப்படித்தான். படத்துல எம்புட்டு அழகா இருந்துச்சு” என்றார். நீ அங்கேதான் டீக் கிளாஸோடு நின்றாய். நான் உன்னைப் பார்த்தேன். நீ டீயைப் பார்த்தாய்.

அன்றிலிருந்து கப்பலூரில் நான் ஆந்தை பெயிண்டர். கேட்டவர்களோடு சேர்ந்து நானும் சிரித்தேன். ஒருவனிடம் அலறிக்கூடக் காட்டினேன். ஊரைக் கிண்டலடித்தே வளர்ந்தவன், பதிலுக்கு முகம் சுளிக்க முடியுமா? ஆனால் வருடக்கணக்கில் தேடிய நல்ல பெயர் அதோடு போயிற்று. ஜீப் வேலை எதுவும் இன்றுவரை என்னிடம் வரவில்லை. உன்னிடம் மட்டும் டிசைன் கேட்டு வந்தார்கள். “நானே அவர்ட்ட சொல்லிர்றேன் மாப்ள, பொங்கல் கழியட்டும்” என்றாய். பொங்கல் கழிந்தது. மாசியில் பஸ் ஸ்டாண்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. சொல்லிவிட்டுச் செத்திருக்கக் கூடாதா? ஒரு வாக்கியம் மாப்ள. ஒரே ஒரு வாக்கியம்.

இன்று, கூலி குறைவென்று என்னிடமே திரும்பி வந்த தோட்டக்காரர் பானெட்டைப் பார்த்துவிட்டு, பாவம், அவன் நன்றாகத்தான் வரைந்து கொடுத்தான், நீதான் கெடுத்தாய் என்றார். புது டிசைனுக்கு உன் மனைவியிடமே சொல்லிவிட்டாராம். உன் கடையை இப்போது அவள்தான் நடத்துகிறாள். நீ கொடுத்த இரண்டு படமும் என் அலமாரியில்தான் இருக்கின்றன. எடுத்துக் காட்ட ஒரு நிமிடம் போதும். காட்டினால் அவர் அந்தக் கடைப் படி ஏறமாட்டார்.

“இந்தத் தடவை கெடுக்க மாட்டேண்ணே” என்றேன், பல்லைக் காட்டிக்கொண்டு. வாய்க்குள் இருந்த வசவெல்லாம் உனக்கு.

மத்தியானம் உன் கடைக்குப் போனேன். இடப்பக்கத்தைத் திருப்பிப் போடாமல், வலப்பக்கத்தைத் தனியாக வரையச் சொன்னேன். அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்:

“அவரும் அப்படித்தானண்ணே போடுவாரு?”

“ஆமா தங்கச்சி” என்றேன்.

கப்பலூர் திரும்பும்வரை அந்த ஆமாவுக்கும் சேர்த்து உன்னைத் திட்டினேன். இப்போதும் திட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.