ஆறாவது மரம்

10.8.2003, ஞாயிறு

மேக்னா 29. நான் 34. இதில் ஆறாவது மரத்துக்கு மட்டும் எனக்கு ஏழு எறி.

எல்லாம் அஷ்வத் செய்த வேலை. என் மனைவி சாவித்ரியின் தம்பி. மே மாதம் அமெரிக்காவிலிருந்து வந்தவன் மூன்று பிளாஸ்டிக் தட்டுகளை விட்டுவிட்டுப் போனான். கோல்ஃப் மாதிரிதான், பந்துக்குப் பதில் தட்டு, குழிக்குப் பதில் மரம். குறைந்த எறியில் மரத்தைத் தொட்டவர் ஜெயித்தார். குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் கால்வாயோரம் நான்தான் ஒன்பது மரங்களைப் பொறுக்கி, எண் கொடுத்து, படம் வரைந்து, பத்து விதிகளும் எழுதினேன். விதி எழுதியவன் இன்றுவரை ஒருமுறைகூட ஜெயிக்கவில்லை.

ஆறாவது ஒரு தூங்குமூஞ்சி மரம். கால்வாய் அங்கே முழங்கை மடக்கினது போல வளைகிறது. நாம் நிற்பது ஒரு முனை, மரம் மறுமுனை, நடுவில் ஆகாயத்தாமரை மண்டிய தண்ணீர். என் தட்டு நேராகப் போவது போலப் போய்க் கடைசியில் இடப்பக்கம் திரும்பித் தண்ணீரில் இறங்குகிறது. விதி ஏழு: தண்ணீரில் விழுந்தால் இரண்டு கூடுதல். அப்புறம் துரட்டியால் அதை இழுத்து எடுக்கிற அவமானம் வேறு.

இருந்தாலும் போகிறேன். வாரம் முழுக்க என் பெண் மேக்னா என்னிடம் பேசுவது "ம்", "தெரியல", "அப்புறம்". கால்வாயோரம் மட்டும் பேசுகிறாள். பாதி இந்த ஊர் வங்காளி, பாதி இங்கிலீஷ், நடுவில் கொஞ்சம் தமிழ். பாதிக்கு மேல் எனக்குப் புரிவதில்லை. பேசுகிறாளே, அது போதும்.

17.8.2003

மழை. ஆடவில்லை. "ம்" கூடக் கிடைக்கவில்லை.

24.8.2003, ஞாயிறு

30 – 33. தோற்றேன். ஆனால் நாலாவது மரத்தடியில், போன வியாழக்கிழமை டியூஷனுக்கு மட்டம் போட்டுவிட்டுச் சிநேகிதிகளோடு டாலிகஞ்ச் ஸ்டூடியோவில் சினிமா ஷூட்டிங் பார்க்கப் போனதைச் சொன்னாள். "அம்மாகிட்ட சொல்லாதப்பா." சொல்லவில்லை. கோபித்துக்கொள்ளவும் இல்லை. எனக்கே ஆச்சரியம்.

31.8.2003, ஞாயிறு

ஜெயித்தேன். நான் 31, மேக்னா 32.

எழுதும்போது ஏன் சந்தோஷமாக இல்லை?

ஆறாவது மரத்தில் அவளுடைய மஞ்சள் தட்டு கரை ஓரமாக ஆகாயத்தாமரை இலைகளுக்கு நடுவே போய் விழுந்தது. நான்தான் முன்னால் போய் எடுத்தேன். கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே வந்து, "தண்ணி. ரெண்டு சேர்த்துக்கோ" என்றேன்.

"சேத்துலதான்ப்பா இருந்தது. நான் பாத்தேன்."

"அவ்வளவு தூரத்திலேர்ந்து எப்படிப் பாத்தே? விதின்னா விதிதான்."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு எண்ணிக்கை எழுதுகிற பென்சிலைக் கால்வாயில் போட்டாள். கை நழுவி விழுந்தது என்று சொல்ல முடியாது. மீதி மூன்று மரத்தையும் வாய் திறக்காமல் முடித்தாள். அந்தக் கோபத்திலும் அவளுக்கு ஒன்பதாவது மரம் இரண்டே எறி.

7.9.2003

தலைவலியாம். தனியாகப் போனேன். 37.

14.9.2003

டியூஷனாம். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு என்ன டியூஷன்? கேட்டேன். "தெரியல" என்றாள். தன் டியூஷன் தனக்கே தெரியாதாம்.

தனியாக 38. தனியாக ஆடுகிறவன் யாரிடம் தோற்கிறான்?

21.9.2003, ஞாயிறு

விஸ்வகர்மா பூஜைக்கு விட்ட காற்றாடி ஒன்று மூன்றாவது மரத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறது. என் வெள்ளைத் தட்டும் அதன் பக்கத்தில் போய் மாட்டிக்கொண்டது. அரை மணி நேரம் துரட்டியோடு மல்லாடினேன். காற்றாடி வந்தது. தட்டு வரவில்லை.

வீட்டுக்கு வந்து எரிந்து விழுந்தேன். சாவித்ரி சாம்பாரைக் கிளறிக்கொண்டே, "அவ பதினஞ்சு வயசுப் பொண்ணு. உங்க ஆபீஸ் வவுச்சர் இல்ல. சும்மா சும்மா அப்ஜெக்‌ஷன் போட்டுண்டிருந்தா யார் கூட வருவா?" என்றாள். இருபத்திரண்டு வருடம் தணிக்கை அதிகாரியாக இருக்கிறேன். அப்ஜெக்‌ஷன் போடத்தான் சம்பளம். அதைச் சொன்னேன். சாம்பாரில் கொஞ்சம் உப்பு கூடியிருந்தது, அதைச் சொல்லவில்லை.

4.10.2003, சனி

ஆயுத பூஜை. கத்திரிக்கோல், அரிவாள்மணை, கால்குலேட்டர், மேக்னாவின் சைக்கிள், புத்தகங்கள், மிச்சமிருக்கிற இரண்டு தட்டுகள், எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். மேக்னா தன் ஜியாமெட்ரி பாக்ஸுக்குத் தானே பொட்டு வைத்துவிட்டு அறைக்குப் போய்விட்டாள். போன வருடம் சைக்கிளுக்கு நான்தான் வைக்க வேண்டும் என்று கையைப் பிடித்து இழுத்தவள்.

மனசு கேட்கவில்லை. சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கால்வாய்க்குப் போனேன். தட்டு ஆயுதம் என்றால் மரமும் ஆயுதம்தானே? ஒன்பது மரத்துக்கும் பொட்டு வைத்தேன். ஆறாவதுக்கு மட்டும் கை நிறைய சந்தனம், பெரிய குங்குமம், ஒரு செம்பருத்தி, இரண்டு ஊதுபத்தி. இனியாவது கொஞ்சம் இரக்கம் காட்டட்டும். ஊர் முழுக்க துர்கா பூஜையின் நவமி மேளம். என்னை யாரும் கவனிக்கவில்லை.

5.10.2003, ஞாயிறு

விஜயதசமி. பூஜையில் வைத்ததை இன்று எடுத்துக் கொஞ்சமாவது பயன்படுத்த வேண்டும். "சாஸ்திரத்துக்கு ஒரே ஒரு எறி எறிஞ்சுட்டுப் போ" என்றேன். "நீயே எறி" என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

36. ஆறாவது மரத்தில் நான் வைக்காத இரண்டாவது செம்பருத்தி ஒன்று இருந்தது. காற்றில் வந்திருக்கும்.

12.10.2003, ஞாயிறு

காற்றில் வரவில்லை. மரத்தடியில் ஒரு கல் நட்டிருக்கிறார்கள். கல்லுக்குச் சிந்தூரம். அடிமரத்தைச் சுற்றிச் சிவப்பு நூல். ஒரு மண் குதிரை. யார்? எதற்கு?

19.10.2003, ஞாயிறு

என் வாழ்நாளின் மிகச் சிறந்த எறி இன்று நடந்தது. ஆறாவது மரம். முதல் எறியிலேயே தட்டு தண்ணீரைத் தாண்டி, திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பி, அடிமரத்தில் டங்கென்று பட்டது. ஒரே எறி. மேக்னாவுக்கே இது நடந்ததில்லை.

உடனே ஒரு அலறல். மரத்துக்குப் பின்னாலிருந்து, இங்கே எல்லாருக்கும் பெரியம்மா முறையான மூன்றாவது பிளாக் பூர்ணிமா மாசிமா கையில் மணியோடு வந்தார். "சி சி, மாயேர் காயே தாலா!" அம்மன் மேல் தட்டை எறிகிறேனாம். என்னை அடையாளம் தெரிந்ததும் குரல் அப்படியே இறங்கியது. "ஓ, ஆப்னி", நீங்களா என்று கை கூப்பினார். பிறகு வங்காளியும் ஹிந்தியும் கலந்து அவர் சொன்னதில் எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். நவமியன்று நான் பொட்டு வைத்ததை ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறார். இங்கே ஆயுதங்களுக்கு விஸ்வகர்மா பூஜையோடு சரி, நவமியில் ஒருவன் மரத்துக்கு அலங்காரம் செய்தால் அதற்கு ஒரே காரணம்தான். தெற்கத்தி பாபுவுக்கு அம்மா கனவில் வந்து இடம் காட்டியிருக்கிறாள்.

மற்ற எட்டு மரங்களின் பொட்டு அன்றிரவு மழையில் கரைந்துவிட்டதாம். இது மட்டும் நின்றதாம். நிற்காமல் என்ன, அரைக் கிண்ணம் சந்தனம் அப்பியிருக்கிறேன்.

ஒரே எறி. பார்த்த சாட்சி அவர் ஒருவர்தான். அதை எழுதி வைக்க முடியுமா?

21.10.2003

மாடிப்படியில் ஒருவர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். யாரென்றே தெரியவில்லை.

2.11.2003, ஞாயிறு

பூர்ணிமா மாசிமா இன்னும் நாலு பெண்களோடு சந்தேஷ் இனிப்பு டப்பா சகிதம் வீட்டுக்கே வந்துவிட்டார். பதினாறாம் தேதி காலை மரத்துக்குத் தகரக் கூரை போடுகிறார்கள். நான் வந்து கனவை எல்லாருக்கும் சொல்ல வேண்டுமாம்.

எனக்கு மார்க்கெட் வங்காளிதான் தெரியும். கத்தரிக்காய்க்கு மேல் போகாது. "ட்ரீம் நஹீ, ட்ரீம் நஹீ" என்று கையை ஆட்டினேன். அடக்கம் என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

சாவித்ரி சமையலறையில் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரிக்கிறாள். அறைக்குள்ளிருந்தும் ஒரு சிரிப்பு. இரண்டு மாதம் கழித்து அந்தச் சத்தம். எனக்கோ ஆத்திரம்.

"உனக்குச் சிரிப்பா வருதா?"

"அது நம்ம சிக்ஸ்த் ஹோல்ப்பா" என்றாள் கதவைத் திறந்து. "சாமியாயிடுத்து."

நம்ம என்றாள். கவனித்தேன்.

"நீ வந்து வங்காளில எடுத்துச் சொல்லேன். கனவும் இல்ல ஒண்ணும் இல்ல, நான்தான் தெரியாம வெச்சுட்டேன்னு."

சிரிப்பு போய்விட்டது. "நீயா? நீ தப்புன்னு என்னிக்கு ஒத்துண்டிருக்கே? நான் ஏன் வரணும்?"

கதவு மறுபடி மூடிக்கொண்டது. எனக்கு அந்தக் கதவை உடைக்கலாம் போல இருந்தது.

9.11.2003, ஞாயிறு

எங்கும் போகவில்லை. காலையிலிருந்து எண்ணிக்கை நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

31.8.2003. நான் 31. மேக்னா 32.

சேறு. சேறுதான். தட்டின் அடியில் கறுப்புச் சேறு ஒட்டியிருந்தது, மேற்பக்கம் துளி ஈரம் இல்லை. பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் துடைத்தேன். அந்த இரண்டைச் சேர்க்காவிட்டால் அவள் 30, நான் மறுபடி தோல்வி. ஒரே ஒரு தடவை ஜெயித்துப் பார்க்கணும்னு இருந்தது எனக்கு. அதுக்கு என் பொண்ணுகிட்டயா? த்தூ.

கணக்கில் தப்பு வந்தால் அழிக்கக் கூடாது, மேலே எழுதக் கூடாது. ஒரே கோடாக அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்தும் தேதியும் போட வேண்டும். இதை எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்திருப்பேன். 32-ஐ அடித்தேன். 30. கு.மூ., 9.11.03.

நோட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் டிவி மேல் வைத்தேன்.

16.11.2003, ஞாயிறு

செருப்பு மாட்டும்போது திரும்பிப் பார்த்தால் பின்னால் மேக்னா. அவளும் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள்.

இருபது முப்பது பேர். தகரம் போட்டாகிவிட்டது. நான் தமிழில் சொல்ல, அவள் வங்காளியில் சொன்னாள். கனவு எதுவும் வரவில்லை. எங்கள் பக்கம் இந்த நாளில்தான் ஆயுதங்களுக்குப் பொட்டு வைப்போம். இந்த மரம் எங்கள் விளையாட்டுக்கு ஒரு ஆயுதம், அவ்வளவுதான். சொல்லி முடித்ததும் எல்லாரும் அவளையே பார்த்தார்கள். அவளை மட்டும் பேச விட்டுவிட்டு நிற்பது சரியாகப் படவில்லை. எனக்குத் தெரிந்த வங்காளியில் நானே, "தோஷ் ஆமார்" என்றேன். குற்றம் என்னுடையது.

பூர்ணிமா மாசிமா சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னார். மேக்னா திரும்பி, "நீ எதுக்கு வெச்சா என்னவாம். வந்தவ வந்துட்டாளாம். இனிமே போகமாட்டாளாம்" என்றாள்.

ஆக, எல்லார் முன்னாலும் உண்மையைச் சொல்லியும் மரம் திரும்பக் கிடைக்கவில்லை. கையில் கிச்சடிப் பிரசாதம் கொடுத்தார்கள். அதில் மட்டும் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

திரும்பும் வழியில், ஐந்தாவது மரம் பக்கத்தில் சொல்லிவிட்டேன். "அன்னிக்குச் சேறுதான்."

"தெரியும்."

"நோட்டைப் பாத்தியா?"

"அப்பவே தெரியும்ப்பா. தண்ணில விழுந்திருந்தா சொட்டச் சொட்ட இருந்திருக்கும். நீ சேத்தைத்தானே தொடைச்சிண்டு வந்தே." கொஞ்சம் நடந்தாள். "இதைச் சொல்ல ரெண்டரை மாசமா?"

வீடு வரை எனக்கு நாலடி முன்னாலேயே நடந்தாள்.

23.11.2003

வரவில்லை. சொல்லிவிட்டேனே, இன்னும் என்னதான் செய்யணும்? 39.

30.11.2003

வரவில்லை. நானும் போகவில்லை. தட்டை எடுத்துப் பரண் மேல் போட்டுவிட்டேன். யாருக்கு வேண்டும்?

7.12.2003, ஞாயிறு

காலை ஆறேகாலுக்கு ஸ்டூல் இழுக்கிற சத்தம். ஸ்வெட்டரோடு மேக்னா பரணைத் துழாவிக்கொண்டிருந்தாள். "தட்டை எங்க வெச்சே? ஒன்பது மணிக்கு டியூஷன், நிஜமாவே. சீக்கிரம் வா."

ஆறாவது மரம் இனி தகரக் கூரைக்குப் பத்தடி தள்ளியிருக்கிற பலா. அவளே முடிவு செய்தாள். தண்ணீரையும் தாண்ட வேண்டும், கூரையிலும் படக் கூடாது. முன்னதைவிட மோசம். கூரையடியில் பூ தொடுத்துக்கொண்டிருந்த பூர்ணிமா மாசிமா எங்களைப் பார்த்ததும் மண் குதிரையைக் கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்துக்கொண்டார்.

மேக்னா மூன்று எறி. நான் எறிந்தேன். நேராகப் போனது, கூரைக்கு முன்னால் இடப்பக்கம் திரும்பி இறங்கியது. "ஆஹாரே" என்று உச்சுக்கொட்டினார் மாசிமா.

நான் நகர்வதற்குள் மேக்னா துரட்டியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். குனிந்து எடுத்தாள். துப்பட்டாவால் துடைத்துக்கொண்டே வந்து தட்டை நீட்டினாள். முழங்கை வரை ஈரம், துப்பட்டா நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"சேறுதான்ப்பா" என்றாள்.

"தண்ணி" என்றேன். "ரெண்டு போடு."

மேக்னா 28. நான் 37, அந்த இரண்டையும் சேர்த்து.