புகைபோக்கிக் கல்லிடுக்கில்

அன்பானவரே,

வீட்டைக் காணோமென்று பதறாதீர்கள். பலகைகள் போனாலும் புகைபோக்கி நிற்கும் என்றுதான் இதை இங்கே செருகுகிறேன்.

தங்கம் தீர்ந்ததும் ஊரே வீடுகளைக் கழற்றி வண்டியேற்றிப் போய்விட்டது. மிச்சம் நாமும், ஓடைக்கு அப்பால் டிரெகியரும்தான். தினமும் விடிந்ததும் நம் புகையைத்தான் பார்ப்பார். "அந்தப் புகை நின்னு போகட்டும் தங்கச்சி, அன்னிக்கே வண்டி பூட்டிட்டு வந்து பலகையெல்லாம் கழட்டிருவேன்" என்று சிரிப்பார். நீங்கள் அறுத்த யூகலிப்டஸ் பலகைகள். நீங்கள் புதுச் சுரங்கத்துக்குப் போனதிலிருந்து அடுப்பை அணையவே விட்டதில்லை.

குழந்தை எல்சி நேற்றிலிருந்து இருமவில்லை. நல்லதுதானே? தேநீரில் நனைத்த ரொட்டிக்கும் வாய் திறக்கவில்லை. மருத்துவர் மலைக்கு அந்தப் பக்கம். அவளைத் தனியே விட்டு டிரெகியரைக் கூப்பிட ஓடவும் தைரியமில்லை.

அடுப்பில் தண்ணீரை ஊற்றிவிட்டேன். பலகைகளை அவரே எடுத்துக்கொள்ளட்டும்; எல்சியை ஏற்றிப்போக வண்டி வந்தால் போதும்.

புகை நின்று வெகுநேரமாகிறது. இன்று மட்டும் அவர் கதவு திறக்கவே இல்லை.

உங்கள் மனைவி