வியாழக்கிழமை உன் போனிலிருந்து வந்த கட்டைவிரல்

ஸ்டீரிங் பிடித்துக் காய்த்துப்போன கட்டைவிரலால் என் நெற்றியில் சிலுவை போட்டு வழியனுப்பும் அப்பாவுக்கு,

உன் மேல் கோபமாக இருக்கிறேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நலம் விசாரித்து, சுற்றி வளைத்து, கடைசியில் மெதுவாக விஷயத்துக்கு வரும் வேலை எனக்கு வேண்டாம். நம் வீட்டில் எல்லோரும் அப்படி மெதுவாகச் சொல்லப் பார்த்ததில்தான் நான் இப்படி நிற்கிறேன்.

நாற்பதாம் நாள் பூசை முடிந்துவிட்டது. "போனவங்க மேல கோவம் வெச்சிகினு இருக்கக் கூடாதும்மா, அவங்க ஆத்துமா அலையும்" என்கிறாள் அம்மா. அலையட்டும். கொஞ்சம் அலைந்தால்தான் என்ன?

என் விஷயத்தை நாலு பேர் படிக்கும்படி எழுதுவது எனக்குப் பழக்கமில்லை. படிக்கிற புத்தகத்தின் அட்டையைக்கூடத் திருப்பி வைக்கிறவள் என்று நீயே கேலி செய்வாய். ஆனால் இதை மூடி வைக்க மாட்டேன். மூடி வைத்ததால் நடந்தது இது.

படிப்பவர்களுக்கு உன்னைத் தெரியாது. நீ சேவூரிலிருந்து செய்யார் தொழிற்பேட்டைக்குக் கம்பெனி பஸ் ஓட்டினாய். ஷூ கம்பெனிக்குப் போகும் பெண்களைக் காலையில் ஏற்றிக்கொண்டு போய், ஷிப்ட் முடிந்ததும் தெருத்தெருவாக இறக்கிவிடுவாய். உன் சீட்டுக்குப் பின்னால் இருந்த தடுப்பில் ஒரு படம் ஒட்டியிருந்தது. மலை விளிம்பில் வெள்ளை வெள்ளையாக வீடுகள், நீலக் கூரை போட்ட ஒரு சர்ச், கீழே அதே நீலத்தில் கடல். யார் ஒட்டியது, எந்த ஊர் என்று ஒருவருக்கும் தெரியாது. பஸ்ஸில் வரும் பெண்களுக்கு அது 'நீல சர்ச்சு', அவ்வளவுதான்.

நான் கல்லூரியில் சேர்ந்த வருஷம் அதைத் தேடிக் கண்டுபிடித்துச் சொன்னேன். கிரீஸ் நாட்டில் சாண்டோரினி என்று ஒரு தீவு. ஒரு காலத்தில் எரிமலை வெடித்து, நடுப்பகுதி கடலுக்குள் இறங்கிவிட, மிச்சம் நின்ற விளிம்பில் ஊர் கட்டியிருக்கிறார்கள்.

"எரிமல மேலயா வூடு கட்டிகினு கீறாங்க? பேஜாரு புடிச்சவனுங்க" என்றாய். பிறகு கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துவிட்டு, "அந்த நீலம் நெசமா, இல்ல போட்டோக்காரன் வேலையான்னு ஒரு நாளு போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு பாப்பா" என்றாய். அதைத்தான் இந்த வருஷம் செய்யப் போனேன்.

அதற்கு முன்னால், உன் பஸ்ஸில் வேலைக்குப் போய்வந்த மல்லிகா அக்கா விஷயம். ஞாபகம் இருக்கிறதா? கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது என்பதால், வீடுகளில் அவசரம் என்றால் உன் நம்பருக்குத்தான் அழைப்பு வரும். ஒரு நாள் மல்லிகா அக்காவின் அம்மா இறந்துவிட்டதாகச் சொன்னார்கள். நீ வாயைத் திறக்கவில்லை. ஒன்றரை மணி நேரம், வழக்கம் போல ஒவ்வொரு நிறுத்தமாக நின்று, பாட்டுப் போட்டு, எல்லோரையும் இறக்கிவிட்டு, அவர் தெருமுனை வந்ததும்தான் சொன்னாய். அதை வீட்டில் வந்து பெருமையாக விவரித்தாய்.

"வழியில சொல்லியிருந்தா என்னா பண்ணியிருக்கும் அந்தப் பொண்ணு? அழுதுகினே வந்திருக்கும். ஒன்றரை மணி நேரம் சிரிச்சிகினு வந்துச்சில்ல, அது மிச்சம்."

"அந்த ஒன்றரை மணி நேரம் அவங்களோடதுப்பா. நீ யாரு அத எடுத்து வெச்சிக்க?" என்று கத்தினேன். அன்று சாப்பிடவில்லை. நீ தட்டோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாய். "சரிம்மா தாயே. நம்ம வூட்ல ஒண்ணுன்னா மொதல்ல உனக்குத்தான். போதுமா?"

"சத்தியமா?"

"பைபிள்லாம் வேணாம். என் ஸ்டீரிங் மேல சத்தியம்."

அந்த வயதில் எனக்குப் பைபிளைவிட உன் ஸ்டீரிங் மேல் அதிக நம்பிக்கை இருந்தது.

செவ்வாய்க்கிழமை தீவிலிருந்து உன்னைக் கூப்பிட்டேன். ஆபீஸ் தோழிகள் இருவரும் கடையில் தொப்பி பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அந்த நீல சர்ச்சுக்கு எதிரே, ஒரு கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றிருந்தேன். உன் குரல் கம்மியிருந்தது. எங்கே இருக்கிறாய் என்றதற்கு பஸ் ஷெட்டில் என்றாய். பின்னால் சக்கரம் உருளும் சத்தம். "டயர் மாத்திகினு கீறாங்க" என்றாய். அது ஆஸ்பத்திரித் தள்ளுவண்டி. முந்தின நாள் காலையிலேயே உனக்கு நெஞ்சு வலி வந்திருந்தது.

"நீலம் நெசமா பாப்பா?" என்று கேட்டாய்.

"போன்ல சொல்ல மாட்டேன். நேர்ல வந்து சொல்றேன்."

சிரித்தாய், இருமினாய். "சரி. எனக்கும் உன்கிட்ட சொல்றதுக்கு ஒண்ணு கீது. நேர்லயே பேசிக்கலாம்."

அதுதான் கடைசி.

புதன்கிழமை நீ போய்விட்டாய். வியாழக்கிழமை மத்தியானம் அம்மாவைக் கூப்பிட்டேன். வீடியோவில் வரச் சொன்னேன். நெட் சரியில்லை என்றாள். பின்னால் நாற்காலிகளை இழுக்கும் சத்தம், நிறையப் பேரின் முணுமுணுப்பு. அதற்கும் பின்னால் நம் கோயில் மணி, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே நீண்ட இடைவெளி விட்டு. அது சாவு மணி என்று நம் ஊரில் பிறந்த யாருக்கும் தெரியும்.

"யாருக்கும்மா மணி அடிக்குது?"

"யாரோ... வயசானவங்கம்மா. நீ சாப்டியா?"

யாரோ! இருபத்தொன்பது வருஷம் உன்னோடு வாழ்ந்த அம்மாவின் வாயிலிருந்து அந்த வார்த்தையை வரவழைத்தது நீதான். இதற்கு நான் உன்னை எப்படி மன்னிப்பது?

அந்த 'யாரோ'வைக் கல்லறைக்குத் தூக்கிப்போன நேரத்தில் நான் எரிமலைத் திட்டுக்குப் போகும் படகில் இருந்தேன். கருகிய கல்லின் மேல் நடந்தோம். தரையில் ஒரு வெடிப்பிலிருந்து சூடாகப் புகை வந்தது, அழுகிய முட்டை நாற்றம். தோழி ஏதோ சொல்ல, மூக்கைப் பிடித்துக்கொண்டு குனிந்து சிரிக்கிறேன். அந்தப் படம் என் போனில் இருக்கிறது, எடுத்த நேரமும் மேலே போட்டிருக்கிறது. மண் போட வேண்டிய கையில் ஐஸ்கிரீம் இருக்கிறது.

அந்தப் படத்தை உனக்கு அனுப்பினேன். சாயங்காலம் உன்னிடமிருந்து பதில் வந்தது, ஒரு கட்டைவிரல். மறுநாள் அனுப்பியதற்கு இன்னொன்று. 'அப்பா இன்னிக்கு வார்த்தையே எழுதல, வண்டி ஓட்டிக்கினு இருப்பாரு' என்று நினைத்துக்கொண்டேன். நீ மண்ணுக்குள் இருந்தாய். உன் போனில் கட்டைவிரலை அழுத்தியது தம்பி அருள்.

பிறகு அவனைச் சட்டையைப் பிடித்துக் கேட்டேன். "அப்பா எதுவும் போடலன்னா நீ சந்தேகப்படுவக்கா. ஒரு வார்த்த எழுதலாம்னுதான் பாத்தேன். அப்பா மாதிரி எழுத வரல" என்று அழுதான். அந்த வேலையை அவனிடம் கொடுத்துவிட்டுப் போனவனும் நீதான்.

வெள்ளிக்கிழமை அந்தத் தீவில் புதைந்துபோன பழைய ஊர் ஒன்றைப் பார்த்தோம். சாம்பலுக்குள் வீடுகள், ஜாடிகள், மாடிப்படிகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. ஆனால் அங்கே ஒரு மனித எலும்புகூடக் கிடைக்கவில்லையாம். வெடிப்பதற்கு முன் நிலம் நடுங்கியிருக்கிறது, புரிந்துகொண்டு எல்லோரும் கிளம்பியிருக்கிறார்கள் என்கிறார்கள். அன்று அதைப் படித்துவிட்டு, இதை அப்பாவிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். இப்போது சொல்கிறேன், கேள். ஒரு எரிமலை, ஒரு ஊரையே விழுங்கப்போகிற எரிமலை, முன்கூட்டிச் சொல்லியிருக்கிறது. அதற்கு இருந்த மரியாதை உனக்கு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை விமான நிலையத்துக்கு அருள் வந்திருந்தான். நீ வருவாய் என்று நினைத்தேன். "அப்பா வரலயா?" என்றேன். "வண்டி கீதுக்கா" என்றான். காஞ்சிபுரம் தாண்டும் வரை நான்தான் பேசினேன். கழுதைகள், கறுப்பு மணல், வெயில். அவன் உன்னைப் போலவே இரண்டு கையாலும் ஸ்டீரிங்கைப் பிடித்து, ரோட்டைப் பார்த்தபடி "ம், அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டே வந்தான். செய்யாறில் வண்டியை நிறுத்தி, "சாப்பிட்டுடுக்கா, வூட்ல ஒண்ணும் செஞ்சிருக்க மாட்டாங்க" என்றான். இரண்டு இட்லி சாப்பிட்டேன். சட்னி நன்றாக இருக்கிறது என்று சொல்லி இன்னொன்றும் கேட்டேன்.

சேவூரில் நம் தெருமுனையில் மாதா சிலை இருக்கும் கெபி வந்ததும் நிறுத்திச் சொல்வதாக அவர்கள் ஏற்பாடு. உன் ஏற்பாடு. தெருமுனையில் சொல்வது. வழியில் உனக்கு வைத்திருந்த அஞ்சலி பேனர்களைக்கூட அருளின் நண்பர்கள் முந்தின நாளே கழற்றிவிட்டார்கள். ஆனால் உன்னோடு பஸ் ஓட்டிய டிரைவர்கள் பாசத்தில் ஆரணி முழுக்க ஒட்டிய போஸ்டரை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. அதை எப்படிக் கிழித்து முடிப்பது?

ஆரணி பஸ் நிலையத்துக்கு முன்னால் நெரிசலில் வண்டி நின்றது. பக்கத்துச் சுவரில் நீ. 'கண்ணீர் அஞ்சலி' என்ற எழுத்துக்குக் கீழே உன் சிரிப்பு, உன் பெயர், அடக்கம் நடந்த வியாழக்கிழமைத் தேதி. நான் எடுத்த படம் அது, நீ டிரைவர் சீட்டில் திரும்பி உட்கார்ந்திருந்தபோது எடுத்தது. வெட்டி ஒட்டியிருந்தார்கள். உன் காதோரம் அந்த சர்ச்சுப் படத்தின் நீலம் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

நான் சுவரில் படித்துத் தெரிந்துகொண்டேன், அப்பா. ஊருக்கே தெரிந்திருந்தது. பட்டுப்புடவை எடுக்க வந்த வெளியூர்க்காரர்களுக்குக்கூட என்னைவிட மூன்று நாள் முன்னதாக நீ போய்விட்டது தெரியும்.

"சொன்னா அங்கருந்து நீ என்னாம்மா பண்ணியிருப்ப?" என்று அம்மா கேட்டாள்.

"வந்திருப்பேன். ஐஸ் பெட்டில ஒரு நாள் சேத்து வெச்சிருந்தா வெள்ளிக்கிழம நான் வந்திருப்பேன்."

"ரெண்டு பிளேன் மாறணும், தனியா அழுதுகினு வருவன்னு... அப்பாதான் சொன்னாரு. மூக்குல டியூப் வெச்சிகினு எங்கிட்டயும் தம்பிகிட்டயும் கைய புடிச்சிகினு சொன்னாரு. பாப்பா பாத்துட்டு வரட்டும், அதுவரைக்கும் ஒருத்தரும் வாயத் தெறக்கக் கூடாதுன்னு."

ஸ்டீரிங் மேல் செய்த சத்தியம் அப்போது எங்கே போயிற்று?

இன்னொரு செய்தி இருக்கிறது. போன வாரம் லூர்து அத்தை, உன் அக்காதான், வேளாங்கண்ணிக்குப் போயிருந்தபோது, தெள்ளாரில் அவர் மகன் பைக்கிலிருந்து விழுந்து கால் உடைந்துவிட்டது. வீட்டில் உடனே அதே பேச்சு. "அத்த வந்தப்புறம் சொல்லிக்கலாம்." நான் எல்லோர் எதிரிலும் போனை எடுத்து அத்தையிடம் சொன்னேன். கால் மட்டும்தான், உயிருக்கு ஒன்றுமில்லை என்று இரண்டு தடவை சொன்னேன்.

அத்தை வந்து இறங்கியதும் மகனைப் பார்த்துவிட்டு, நேராக என்னிடம்தான் வந்தார். "ஏழு மணி நேரம்டி! பக்கத்து சீட்டுக்காரன் வேர்க்கடல தின்னுகினு வரான், நான் எம்புள்ள செத்துட்டான்னு நெனச்சிகினு வரேன்."

"கால்தான்னு சொன்னேனே அத்த."

"சொன்ன. நான் நம்பல. எங்க, நம்ம வூட்ல எவன் உள்ளத உள்ளபடி சொல்லியிருக்கான்? கொறச்சி சொல்றன்னு நெனச்சேன்." மூச்சு வாங்கிவிட்டு இன்னொன்றும் சொன்னார். "உனக்கு யாரும் சொல்லல. அத எம்மேல தீத்துக்கினியா?"

தீர்த்துக்கொண்டேனா? இருக்கலாம். அந்த ஏழு மணி நேரத்தை நினைத்துப் பார்த்தேன். இரண்டு விமானம், நடுவே தெரியாத ஊரில் காத்திருப்பு, பக்கத்தில் யாரோ வேர்க்கடலை. அதைத்தான் நீ எனக்கு இல்லாமல் செய்தாய் என்று புரிகிறது. புரிவதால் கோபம் குறையவில்லை. உண்மையைக் கேட்டால்கூட நம்ப முடியாதவர்களாக எங்களை ஆக்கி வைத்திருக்கிறீர்கள், நீயும் உன்னைப் போல நல்லவர்களும். அந்த அழுகை என்னுடையது அப்பா. அதை நான் பட்டிருப்பேன். உன் முகத்தைப் பார்த்திருப்பேன்.

அம்மாவிடமும் அருளிடமும் சொல்லிவிட்டேன். இனி இந்த வீட்டில் யாருக்கு என்ன ஆனாலும் அந்த நிமிஷமே எனக்குச் சொல்ல வேண்டும், நானும் சொல்வேன், கால் என்றால் கால், உயிர் என்றால் உயிர். அவர்கள் நம்பப் பழகும் வரை சொல்லிக்கொண்டே இருப்பேன். இது உனக்குக் கொடுக்கும் வாக்கு. எதன் மேலும் சத்தியம் செய்யவில்லை.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. கம்பெனியில் உன் பஸ்ஸை வேறு டிரைவரிடம் கொடுத்துவிட்டார்கள். படம் அப்படியே இருக்கிறதாம். நாற்பதாம் நாள் கல்லறையில் எல்லோரும் போன பிறகு உன் பக்கத்தில் நின்றேன். நீ கேட்டதற்குப் பதில் என்னிடம் இருக்கிறது. அந்தச் சுவரில் சாய்ந்து, அரை மணி நேரம் பார்த்து, நிச்சயப்படுத்திக்கொண்ட பதில். அம்மாவுக்கும் சொல்லவில்லை, அருளுக்கும் சொல்லவில்லை, இங்கே படிப்பவர்களுக்கும் சொல்லப்போவதில்லை. அன்றைக்கு உன்னிடமும் சொல்லாமல்தான் திரும்பினேன். நீயும் கொஞ்ச காலம் தெரியாமல் இரு. அது எப்படி இருக்கிறது என்று பார்.

காத்துக்கினு இரு. அவசரம் ஒன்றுமில்லை, எனக்கு இன்னும் நிறைய நாள் இருக்கிறது. நேர்ல வந்து சொல்றேன்.

உன் பொண்ணு,
ஸ்டெல்லா