மோல்மீன் தெருவில் நின்றவர்

நேற்று சாக்கோட்டை தபால் நிலையத்தில் எனக்கு முன்னால் நின்றவர், வலது கையைப் பிடரியில் வைத்துத் தலையை இடப்பக்கம் சாய்த்திருந்தார். முகம் தெரியவில்லை. அந்த நிலையைப் பார்த்ததுமே வந்த வேலையை விட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன். அண்ணே, நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது.

உங்கள் அத்தா அப்படித்தான் நிற்பார் என்று உங்கள் அம்மா சொல்லிச் சொல்லி உங்களுக்கு மனப்பாடம். நீங்கள் அவரைப் பார்த்ததில்லை. ரங்கூனில் குண்டு விழுமென்ற பேச்சு வந்ததும், ஆறு மாதக் கர்ப்பிணியான அம்மாவைக் கப்பலேற்றிவிட்டு, கடையைப் பூட்டிக்கொண்டு பின்னால் வருகிறேன் என்று நின்றுவிட்டவர் அவர். குண்டுவீச்சில் இறந்துவிட்டார் என்று ஊருக்குத் திரும்பியவர்கள் சொன்னார்கள். இருபது வயதில் அம்மாவுக்கு மறுமணம் பேசினார்கள். அவர் மறுத்துவிட்டார். வருஷம் தவறாமல் உங்கள் அத்தா பேருக்கு, இறந்தவர்களுக்கு நன்மை சேர ஓதும் பாத்திஹா ஓதி, காரைக்குடி வீட்டில் நாலு ஏழைகளுக்குச் சோறு போட்டார்.

நான் நில அளவைத் துறையில் வரைபடம் வரைந்து ஓய்வு பெற்றவன். உங்கள் கடையில் மூக்குக்கண்ணாடி மாற்ற வந்த இடத்தில் நம் பழக்கம் தொடங்கியது. பர்மா போர்க்காலப் படங்களை இணையத்தில் தேடிப் பார்ப்பதாகச் சொன்னீர்கள். பெரும்பாலான படங்களில் எந்த ஊர், எந்தத் தெரு என்று இல்லை. இருந்ததும் பாதி தப்பு. அன்றிலிருந்து மதியங்களில் என் வீட்டுக் கணினி முன்னால் உட்கார்ந்தோம். ஓடும் படத்தை நிறுத்தி, நிழல் விழும் திசை, கூரையின் சரிவு, கடைப்பலகையில் பாதி எழுத்து எனப் பார்த்துப் பழைய வரைபடத்தோடு ஒப்பிடுவோம். ஒரு தெருவைக் கண்டுபிடித்துவிட்டால் அன்று டீ உங்கள் கணக்கு.

ஒரு நாள் அந்தப் படச்சுருள் வந்தது. ‘ரங்கூன், குண்டுவீச்சுக்கு முந்தைய வாரம்’ என்று வெளிநாட்டு ஆவணக்காப்பகம் ஒன்று குறிப்பு எழுதியிருந்தது. கடை வாசலில் கைலி கட்டிய ஒருவர், பிடரியில் கைவைத்து, தலை சாய்த்து நான்கு விநாடி நிற்கிறார். முகத்தில் பாதி வெயில், பாதி இருட்டு. நீங்கள் திரையில் விரலை வைத்துவிட்டு எடுக்கவே இல்லை.

“தம்பி, இது எங்கத்தா.”

வீட்டிலிருந்த அத்தாவின் ஒரே புகைப்படத்தைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தீர்கள். எனக்கு ஒத்துப்போவது போலவும் இருந்தது, போகாதது போலவும் இருந்தது. உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, ஆமாம் என்று சொன்னேன்.

எந்தத் தெரு என்று உறுதி செய்வோம் என்றீர்கள். இருபது நாள் உட்கார்ந்தேன். கடைக்குப் பின்னால் வீடுகளுக்கு மேல் ஒரு மலைத்தொடரும் அதன்மேல் பகோடாக்களும் மங்கலாகத் தெரிந்தன. ரங்கூனில் எந்தத் தெருவிலும் அந்த மலை பொருந்தவில்லை, பர்மாவின் தெற்கிலுள்ள மோல்மீனில் பொருந்தியது. படத்தின் ஓரத்தில் கண்ணிமைக்கும் நேரம் ஒரு ராணுவ லாரியின் கதவு வந்து போனது. அதில் வட்டத்துக்குள் வெள்ளை நட்சத்திரம். குண்டுவீச்சுக்கு மூன்று வருஷத்துக்கும் மேல் கழித்து, வெள்ளைக்காரப் படை பர்மாவுக்குத் திரும்பி வந்த காலத்துக் குறி அது.

எவ்வளவு பெருமையோடு அதை உங்களிடம் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்பதே எனக்கு உறைத்தது. போர் முடிந்த பிறகும் உயிரோடு நின்றவர், ஒரு கடிதாசிகூடப் போடவில்லை.

நீங்கள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னீர்கள்: “இதை இங்குட்டே விட்ருவோம் தம்பி. அம்மா காதுக்குப் போக வேணாம்.”

சரி என்றேன். பத்து நாள்கூட ஆகவில்லை. ஆவணக்காப்பகத்துக்கு எழுதினேன். குறிப்பைத் திருத்தி, கீழே எனக்கு நன்றி போட்டார்கள். அதைக் கேள்விப்பட்டு ஒரு நிருபர் வந்தார். மலையையும் லாரியையும் பற்றிச் சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம். படத்தில் நிற்பவர் என் நண்பரின் தகப்பனார், இறந்ததாகக் குடும்பம் நினைத்திருந்தது என்றும் சொன்னேன். அது இருந்தால்தான் செய்தி பெரிதாக வரும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. பெரிதாகத்தான் வந்தது.

கண்டரமாணிக்கத்திலிருந்து வந்த உறவுக்காரர் ஒருவர் அதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறார். நான் ஓடி வந்தபோது தொண்ணூறு வயதைத் தாண்டிய அந்த மனுஷி கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அழவில்லை. என்னைத்தான் கேட்டார்.

“அப்ப நான் ஓதுனதெல்லாம் யாருக்குப்பா போச்சு?”

நீங்கள் சுவரைப் பார்த்து நின்றீர்கள். அந்த வருஷம் அம்மா பாத்திஹா ஓதச் சொல்லவில்லை. சோறும் போடவில்லை. அடுத்த வருஷத்துக்கு அவர் இல்லை.

அதன்பின் கடைக்கு வந்தால் “வாங்க, இருங்க” என்பீர்கள். வேலையாளிடம் சொல்லி எனக்குக் கண்ணாடி பார்க்க வைப்பீர்கள். அவ்வளவுதான். கோபித்திருந்தால் காலில் விழுந்திருப்பேன். நீங்கள் அதற்கும் இடம் கொடுக்கவில்லை. கடைசிவரை.

உங்களை அடக்கம் செய்துவிட்டு எல்லோரும் கலைந்தபோது, உங்கள் மகன் என் கையைப் பிடித்துக்கொண்டான். “அத்தா உங்களப் பத்தி ஒரு வார்த்தை தப்பாப் பேசினதில்ல மாமா. இடத்தக் கண்டுபிடிக்கிறதுல உங்களுக்கு ஈடு கிடையாதும்பாக,” என்றான்.

இடம் சரிதான் அண்ணே. மலையை எந்த அவையிலும் நிரூபிப்பேன், லாரியை நிரூபிப்பேன். அந்த மனிதர் யாரென்று எனக்குத் தெரியாது. அன்றைக்கும் தெரியாது. வெயில் விழுந்த பாதி முகமும் பிடரியில் ஒரு கையும்தான் அங்கே இருந்தன. அப்படி நிற்கிறவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர். உங்கள் அத்தா ரங்கூனிலேயே, சொன்னபடி கடையைப் பூட்டும்போதே இறந்திருக்கலாம். இந்த ஒரு வாக்கியத்தை அம்மா கட்டிலருகே நின்றபோதே நான் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் என் கண்டுபிடிப்பு வெறும் மலையும் லாரியுமாகப் போய்விடுமே என்று வாயை மூடிக்கொண்டேன். இப்போது சொல்வதற்கு அந்த வீட்டில் கேட்க வேண்டிய இருவரும் இல்லை.