நிஷா கேட்காத பெயர்

ஜூலை 8, செவ்வாய்

மழை விடவில்லை. சந்தில் கணுக்கால் வரை தண்ணீர். தம்பி தூங்கிவிட்டான். விழித்து இதைப் பார்த்தாலும் பயமில்லை, அவனுக்குத் தமிழ் படிக்க வராது.

பெரியம்மா மகள் தர்ஷினியின் இன்ஸ்டாவை யாரோ திருடிவிட்டார்கள். செம்பூரிலிருந்து பெரியம்மா போனில் ஒரே அழுகை. தர்ஷினி எழுதுவதுபோல அவள் சிநேகிதிகளுக்கெல்லாம் செய்தி: ‘ஆஸ்பத்திரியில் இருக்கிறேன், பணம் அனுப்பு.’ இரண்டு பேர் அனுப்பியும்விட்டார்கள்.

முதலில் வந்தது பொறாமைதான். திருடத் தோன்றுகிற அளவுக்கு ஒரு பெயர் அவளுக்கு. என் பெயரை எடுத்து யார் என்ன செய்வது?

அவளிடம்: தனி அறை. ஏ.சி. கோகோ (நாய்). சொந்தப் போன்.
என்னிடம்: அம்மாவின் பழைய போன், அதிலும் பாதி தம்பிக்கு. குலசாமி பெயர்.

பயம் பிறகுதான் வந்தது. நிஷாவை நினைத்து.

ஜூலை 9

எழுதிவிடுகிறேன். போன மாதம் நிஷா என்று ஒருத்தி இன்ஸ்டாவில் பேசினாள். தர்ஷினியின் பள்ளித் தோழியாம். பிறந்தநாளுக்கு சர்ப்ரைஸ், யாரிடமும் சொல்லாதே என்றாள். பதினோரு நாள். தர்ஷினியின் நாய் பெயர், பிறந்த தேதி, பிடித்த நிறம், எல்லாம் சொன்னேன். அப்படிப்பட்ட பள்ளியில் படிக்கிற பெண் என்னைத் தேடி வந்து பேசுகிறாளே என்று பெருமை.

தர்ஷினியின் பாஸ்வேர்டு: கோகோ, பக்கத்தில் பிறந்த தேதி. இன்று பெரியம்மா சொல்லித்தான் தெரியும்.

நிஷாவோடு பேசிய சாட்டை நேற்றே அழித்தேன். நிஷாவின் கணக்கும் இப்போது இல்லை.

சாயங்காலம் சந்தில் சண்டை. போன வாரம் தர்ஷினி போனுக்குக் கண்ணாடி மாற்றியது எங்கள் சந்தில் போன் கடை வைத்திருக்கும் முருகேசன் அண்ணன். அவர் கடை வாசலில் நின்று பெரியப்பா கத்தினார்.

“ஒரு நா பூரா போன் ஒங்கிட்டதானல கெடந்துச்சு?”

“அண்ணாச்சி, கண்ணாடி மாத்துனதோட சரி. உள்ள என்ன இருக்குன்னு நான் எதுக்குப் பாக்கேன்?”

“போலீஸ்ல வந்து சொல்லு!”

நான் கதவுக்குப் பின்னால்.

ஜூலை 11

செம்பூரில் பெரியம்மா வீடு. சைபர் போலீஸ் மேடம் வந்திருந்தார். இந்தியில் மெதுவாகப் பேசினார். தர்ஷினியின் போனை ஒரு சின்னப் பெட்டியில் மாட்டி அப்படியே நகல் எடுத்தார். தேடுவது நகலில்தானாம், அசல் அப்படியே இருக்குமாம்.

எல்லோரும் தர்ஷினியைச் சுற்றி. ஜூஸ் குடிச்சியா, சாப்பிட்டியா. அழும்போதும் அழகாக இருக்கிறாள்.

“அழிச்சிட்டா போயிடுமா மேடம்?” என்று பெரியப்பா கேட்டார். (நான் கேட்க நினைத்தது.)

உடனே போகாது, அதன் மேல் வேறு ஏதாவது பதியும்வரை பெரும்பாலும் உள்ளேயே கிடக்கும் என்றார்.

ஜூலை 12

தம்பியிடம் போனைக் கொடுத்தேன்.

“எத்தன கேம் வேணும்னாலும் எறக்கிக்கோல.”

“சச்சி? நெசமாவா? யக்கா, ஒனக்குக் காய்ச்சலா?”

நான் பள்ளி விட்டு வரும்போது அவன் ஏழு இறக்கியிருந்தான். சரி, அழித்ததெல்லாம் அதற்கடியில் மூடிப்போயிருக்கும் என்று நினைத்தேன்.

முருகேசன் அண்ணன் கடையில் ஷட்டர் இறக்கியிருந்தது. விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். குழாயடியில் அவர் மனைவி தனியாக. குடம் நிரம்பி வழிந்தது, அவர் பார்க்கவில்லை. பின்னால் யாரோ: “கள்ளப்பய கிட்டயா நாம போனக் குடுத்தோம்?”

வீட்டுக்கு வந்து தம்பி கையிலிருந்து போனைப் பிடுங்கி அணைத்துவிட்டேன். அவன் கத்தினான். அம்மா ஓடி வந்தாள். சொல்லிவிட்டேன்.

அம்மா அடிக்கவில்லை. “அவகிட்ட இல்லாதது என்னட்டீ ஒங்கிட்ட இருக்கு, ஒன்னத் தேடி வாரதுக்கு?” என்றாள். அடித்திருக்கலாம்.

ஜூலை 14

ஸ்டேஷன். அம்மா கையெழுத்துப் போட்டாள். தர்ஷினியும் வந்திருந்தாள், கையில் அதற்குள் புதுப் போன். என் பக்கம் திரும்பவே இல்லை.

கண்ணாடி மாற்றிய நாளில் தர்ஷினி போனுக்குள் யாரும் நுழையவில்லை, நகலிலேயே தெரிகிறது என்றார் மேடம். முருகேசன் அண்ணனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். நிஷாவிடம் போவதற்கு இருக்கும் ஒரே வழி என் போன்தான். ஏழு விளையாட்டு போக மிச்சம் கிடைத்தால் போதுமாம்.

போனை ஓர் உறையில் போட்டு ஒட்டினார். பேனாவை எடுத்து, என்னைப் பார்த்து, பெயர் என்ன என்றார். பதினோரு நாளில் நிஷா ஒருமுறைகூடக் கேட்காதது.

சொன்னேன். அவருக்குப் புரியவில்லை. மறுபடியும் சத்தமாகச் சொன்னேன், தர்ஷினி நிமிர்ந்து பார்த்தாள். உறையின் மேல் மராத்தியில், பெரிதாக எழுதினார்: பேச்சியம்மாள்.