தறி வீட்டில் தூங்கிப்போகும் பெட்டி

ஜூன் 2, செவ்வாய்

இந்த நேரத்தில் விளக்கைப் போட்டு எழுதுவதற்கு மன்னிப்பு. கேட்பது பக்கத்தில் தூங்கும் மகள் யாழினியிடம். வெளிச்சம் பட்டதும் முகத்தைச் சுளிக்கிறாள். இதோ முடித்துவிடுகிறேன், கண்ணு.

வெயில் இறங்கியும் சூடு இறங்கவில்லை. சுவரைத் தொட முடியவில்லை.

இன்டர்நெட் டிவி பெட்டிகள் இன்று சாயங்காலம்தான் போட்டு முடித்தாயிற்று. எங்கள் கேபிள் லைனில், பிள்ளையார்பாளையத்தில் ஒரு தெருவுக்கு மட்டும், சோதனைக்கு. பெங்களூர் கம்பெனியிலிருந்து வருவது மொட்டைப் பெட்டி. முகம் வைத்தது நான். போட்டதும் வருகிற படம், சேனல் வரிசை, தமிழ் மெனு, மேலே எங்கள் கேபிள் பெயர். சர்வரில் ஓர் இடத்தில் மாற்றினால் எல்லாப் பெட்டிக்கும் தானே போய்விடும். திரைக்கு அரக்கு, ஓரத்துக்கு மாம்பழ மஞ்சள்.

மாமனார் பார்த்துவிட்டு, "இன்னாமா, டிவிக்குப் பொடவ கட்டி வுட்டுக்கினு இருக்கே?"

சிரித்தார். அதுவே பெரிது. சென்னைக்காரர் ஒருவர் லைனை மொத்தமாக விலைக்குக் கேட்கிறார். டிஷ்காரர்கள் வேறு மாடிக்கு மாடி குடை கவிழ்த்துக்கொண்டு வருகிறார்கள். "ஞாயித்துக்கெழம வரைக்கும் பாப்பேன். பெட்டி நிக்கலன்னா குடுத்துட்டு கம்முனு கெடப்பேன்" என்றுவிட்டார்.

விற்றுவிட்டால் இவர், என் வீட்டுக்காரர், யாரிடமோ லைன்மேன். நான் சமையல்கட்டு. பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் பீரோவுக்குள்.

நாளைக்கு: தடுப்பூசி எப்போது என்று கேட்க. ரிமோட்டுக்கு பேட்டரி. தோசை மாவு.

ஜூன் 3, புதன்

போன். போன். போன்.

"பெட்டி செத்துப்போச்சுமா!"

காலையில் நன்றாக ஓடுகிறது. மதியத்துக்கு முன்னால் அணைந்துவிடுகிறது. ஒரு வீடு இல்லை, முக்கால்வாசித் தெரு. இவர் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு வெயிலில். வயர் மாற்றினார், பிளக் மாற்றினார்.

"லைன்ல ஒண்ணும் இல்ல கல்பனா. நான் போயி ரிமோட்ட தொட்டா ஒடனே வருது. இன்னா மாயமோ."

பெங்களூர் இன்ஜினியர் கிரண்: "உங்க ஊர் ஹீட் மேடம்." எங்கள் வீட்டுக்கு மட்டும் வேறு சூரியனா? இங்கே சோதனைக்கு வைத்த பெட்டி ஒரு தடவைகூட அணைந்ததில்லையே.

யாழினி ரிமோட்டைக் கடித்துக் கடித்து எட்டாம் எண் அழிந்துவிட்டது. அடித்துவிட்டேன், லேசாக. நான் அடிப்பேன் என்றே அவளுக்குத் தெரியாது போல, அழக்கூட இல்லை, பார்த்தாள். அப்புறம் நான் அழுதேன். சாப்பிடவில்லை.

ஜூன் 4, வியாழன்

மல்லிகா அக்கா வீட்டுக்குப் போனேன், யாழினி இடுப்பில். தெருவிலேயே அதிகம் திட்டுவது அவர்தான். ஆகவே அங்கே.

"வாமா, வந்து உம் பெட்டி பண்ற கூத்த நீயே பாரு."

நடுக்கூடத்தில் தறி. அக்காவும் அவர் வீட்டுக்காரரும் குழியில் காலை விட்டு நெய்கிறார்கள். டிவி அவர்கள் முதுகுப் பக்கம், அலமாரியில். சீரியலில் யாரோ அழுதாள். அக்கா திரும்பவே இல்லை. "நடிக்கறா பாரு. ஒரு சொட்டு தண்ணி வந்திருக்காது கண்ணுல."

"திரும்பிப் பாக்க மாட்டீங்களாக்கா?"

"திரும்புனா பட்டு எழ அறுந்து போவும். எங்க வூட்ல காதுதாமா டிவி பாக்குது."

"சேனல் மாத்தணும்னா?"

"பட்டு தொடுற கையால அந்த எண்ணெப் பிசுக்கு ரிமோட்டயா? காலையில குந்துனா சோத்துக்குத்தான் எழுந்திருக்கறது."

உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் திரையில் நான் எழுதிய தமிழ், நான் தேர்ந்தெடுத்த எழுத்தில்: 'இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா? ஓகே பொத்தானை அழுத்தவும்.' சத்தமே இல்லை. இரண்டு முதுகுகளைப் பார்த்துக் கேட்டது. முதுகுகள் பதில் சொல்லவில்லை. அணைந்தது.

"தோ, செத்துச்சா!"

சாகவில்லை, தூங்கிவிட்டது. நெடுநேரம் ரிமோட்டை யாரும் தொடாவிட்டால் வீட்டில் ஆள் இல்லை என்று நினைத்துக்கொள்ளும். கரண்ட் மிச்சமாகட்டும் என்று, கம்பெனி வைத்ததை அப்படியே விட்டவளே நான். எங்கள் வீட்டில் ஏன் தூங்கவில்லை? கீழே பார்த்தேன். அக்காவின் ரிமோட் அப்போதுதான் யாழினி வாய்க்குப் போயிருந்தது, டிவியும் விழித்துக்கொண்டது! நாளெல்லாம் அமுக்கிக்கொண்டே இருக்க அந்தத் தெருவில் இவளைப்போல் ஒருத்தி வேண்டுமே.

சிரித்துக்கொண்டே வீடு வரை ஓட்டம். சர்வரில் ஒரே ஒரு வரி. தானாக அணைதல்: வேண்டாம். எல்லாப் பெட்டிக்கும் அனுப்பு. அனுப்பும் முன் அந்த வரியை மறுபடி படித்தேன். நிஜமாகவே எல்லாம் ஒரேயடியாகச் செத்துவிட்டால்?

ஜூன் 5, வெள்ளி

மழை வாசனை. மழை இல்லை.

போன் வரவில்லை. போனே செத்துவிட்டதோ என்று எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தேன். உயிரோடுதான்.

மதியம் தாண்டி அந்தத் தெருவில் நடந்தேன். வீட்டுக்கு வீடு தறிச் சத்தம், வீட்டுக்கு வீடு அதே சீரியல். ஒரு வசனம்கூட விடாமல் தெருக்கோடி வரை கேட்டுக்கொண்டே போனேன். திரும்பியும் நடந்தேன். சும்மா.

ஜூன் 7, ஞாயிறு

சென்னைக்காரர் வந்தார். வெள்ளைச் சட்டை, இரண்டு செல்போன். காபி ஆற்றிக்கொண்டிருக்கும்போதே மல்லிகா அக்காவின் குரல் வாசலில், கூட அடுத்த தெருப் பெண்கள். "அண்ணே, இவங்க தெருவுக்கு எப்போ பெட்டி? என்னைய வந்து புடுங்கறாங்க. பதில் சொல்லு!"

மாமனார் சென்னைக்காரர் பக்கம் திரும்பினார். "லைன் குடுக்கறதுக்கில்லபா. காபி சாப்ட்டு போ." பிறகு வாசலைப் பார்த்து, "என்னைய ஏன் கேக்கறே? எம் மருமவதான் பாத்துக்கினு இருக்குது. அவளக் கேளு."

அத்தனை முகமும் என் பக்கம். இவர், அப்பா எதிரிலேயே, கண்ணடித்தார்!

யாழினிக்கு இன்னொரு பல். புது ரிமோட் அவளுக்கே கொடுத்தாயிற்று.

கிரணுக்கு அனுப்ப (காலையில் இங்கிலீஷில் மாற்றணும்):

ஹீட் இல்லை. காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்துவிட்டேன். இனி எங்களுக்கு வரும் பெட்டிகள் தானாக அணையாதபடியே வரட்டும். இங்கே தறித் தெருக்கள் நிறைய. மீதிப் பெட்டிகள் எப்போது கிடைக்கும்? வாசலில் ஆட்கள் நிற்கிறார்கள். சீக்கிரம் பதில் போடுங்கள்.